லேபர் ரூமா, கிளினிக்கா?

உயர்தரத்தில் உயிரியல் எடுத்துவிட்டு வெள்ளவத்தையில் முடிவுக்காகக் காத்திருக்கும் அக்காவின் மகள் போன கிழமை கேட்டாள்: "சித்தி, அமெரிக்காவில மிட்வைஃபா, அதான் மருத்துவிச்சியா, வாறது நல்லதா, பெண்கள் நல நேர்ஸ் பிராக்டிஷனரா வாறதா?" நான் பிரசவ வார்டில் தாதி. அந்தத் துணிவில்தான் என்னிடம் வந்தாள்.

பேரைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவே வெகு தூரம் மாதிரி இருக்கும். உண்மையில் பாதிக்கு மேல் ஒரே வேலை. கர்ப்பகாலச் சோதனை, குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை, மாதவிடாய் நிற்கும் வயதின் தொந்தரவுகள் எல்லாவற்றையும் இருவரும் பார்ப்பார்கள், மருந்தும் எழுதுவார்கள். அங்கே நேர்ஸ்-மிட்வைஃப் ஆவதற்கும் முதலில் பதிவு பெற்ற தாதியாக இருக்க வேண்டும், அப்புறம் முதுநிலைப் படிப்பு. மற்றதற்கும் அதே பாதைதான்.

பாதை பிரிவது பிள்ளை பிறக்கும் நேரத்தில். நேர்ஸ் பிராக்டிஷனர் பிரசவம் பார்ப்பதில்லை. மிட்வைஃப் பார்ப்பார், பிறந்த குழந்தையையும் முதல் 28 நாள் கவனிக்கலாம்.

இதை வாசிக்கச் சுகம். விடிய 2 மணிக்கு, கர்ப்பப்பை வாய் எட்டு சென்ரிமீற்றர் விரிந்த தாயின் பக்கத்தில் நிற்கும்போதுதான் கனம் தெரியும். தாய் உங்கள் மணிக்கட்டை நசுக்கிக்கொண்டிருப்பாள். நோவு தணிந்த இடைவெளியில் வயிற்றில் மரக் குழலை வைத்துக் காதைக் கொடுத்தால் பிள்ளையின் இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகக் கேட்கும். டொக்டரைக் கூப்பிடுவதா, இன்னொரு நோவு பார்ப்பதா? அந்த அரை நிமிடத்தை விரும்புகிறவர் மிட்வைஃப் ஆகலாம். மற்றவர்களுக்குக் கிளினிக் நேரம், தூக்கம், வழக்கு வந்தால் காக்கும் தொழில் காப்புறுதிக்குக் குறைந்த செலவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். குடையும் பையுமாக நம் ஒழுங்கைக்குள் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் மிட்வைஃப் மிஸ், ஒன்றரை வருடப் பயிற்சி எடுத்து மருத்துவ சபையில் பதிந்தவர். ஊரில் அவருக்கு இருக்கும் மதிப்பு பெரிது. ஆனால் அது தாதிப் பதிவல்ல, ஆகவே அமெரிக்கப் பாதைக்கு அதைப் படியாக வைக்க முடியாது. டிப்ளோமாவைவிடக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருடத் தாதியப் பட்டம் நல்லது, முதுநிலைக்குப் பட்டம் கேட்பார்கள். பிறகு அமெரிக்காவில் தாதியாகப் பதிய எழுதும் என்சிலெக்ஸ் பரீட்சை.

நேர்ஸ் பிராக்டிஷனர் வேலைக்கு இங்கே ருசி பார்க்க வேண்டுமென்றால், 35 வயதுப் பெண்களைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு அழைக்கும் சுவநாரி கிளினிக்கில் ஒரு காலை இருந்து பார்க்கலாம். வெட்கத்தில் கதவருகே தயங்கும் பெண்ணைப் பேசியே உட்கார வைப்பது சின்ன வேலையில்லை.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழியும் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உண்டு. அதைச் சொன்னதும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. "சரி சித்தி, ஆனா இரவு எத்தனை நாள் நிக்க வேணும்?" என்றாள். ராத்திரி ஒன்பதுக்கே ஃபோனை நிறுத்திவிட்டுப் படுக்கிற பிள்ளை அவள். நான் கிளினிக் பக்கம்தான் சாய்ந்தேன்.