1976 பத்மினிக்கு மர ஸ்டீயரிங்: வீலுக்கு முழு மார்க், கடை கொடுத்த பாஸுக்கு பூஜ்யம்

அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி, 1976 மாடல். இத்தனை வருஷ வெயிலில் ஒரிஜினல் ஸ்டீயரிங்கின் பிளாஸ்டிக் மூன்று இடத்தில் வெடித்து, திருப்பும்போதெல்லாம் உள்ளங்கையைக் கீற ஆரம்பித்துவிட்டது. எம்-சீல் வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தேன், ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. சரி, மாற்றுவது என்று முடிவானதும் மர வீல்தான் மனதில் வந்தது. பத்மினி அடிப்படையில் இத்தாலிய ஃபியட் 1100 தானே, அந்தக் காலத்து இத்தாலியக் கார்களில் என்ரிகோ நார்டியின் மர வீல்கள் எவ்வளவு பேர் பெற்றவை என்று கார் பிரியர்களுக்குத் தெரியும். ஒரிஜினல் நார்டி என் கைக்கு எட்டாத விலை. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் அதே பாணியில், மூன்று அலுமினிய ஸ்போக், ஆறு போல்ட், 380 மில்லிமீட்டர், 9,500 ரூபாய்க்குக் கிடைத்தது.

கடைக்காரர் முதலில் 350 மில்லிமீட்டர் வீலைத்தான் எடுத்துக் காட்டினார், பார்க்க இன்னும் அழகு. ஆனால் பத்மினியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. பழைய வீலை டேப் வைத்து அளந்தால் 400 மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. அதை 350 ஆக்கினால் கைக்கு ஏழில் ஒரு பங்கு பலம் கூடுதலாக வேண்டும், 380 என்றால் இருபதில் ஒரு பங்குதான். ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது, பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே ஒடிக்கும்போது தோள்பட்டைக்குத் தெரியும். பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சின்ன வீலுக்கு ஆசைப்படாதீர்கள்.

இப்போது பாஸ் விஷயம். வீலையும் ஸ்டீயரிங் தண்டையும் இணைக்கும் நடுத் துண்டுதான் பாஸ், உங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது. கடையில் "ஃபியட்டுக்கு உட்காரும் சார்" என்று சொல்லி ஒன்றை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் வீலில் ஓட்டைகள் மோமோ (இன்னொரு இத்தாலிய ஸ்டீயரிங் கம்பெனி) அளவு, அதாவது எதிரெதிர் ஓட்டைகளுக்கு இடையே 70 மில்லிமீட்டர், பாஸிலோ நார்டி அளவு, 74. திரும்பப் போய்க் கேட்டால் ஓட்டையை ராவி நீளமாக்கித் தருகிறேன் என்கிறார்! அதைவிட மோசம், பாஸின் உள்ளே, தண்டின் வரிப்பள்ளங்களில் பொருந்த வேண்டிய ஸ்ப்ளைன் பற்கள் கவ்வவே இல்லை, நட்டை இறுக்கிய பிறகும் பாஸ் தண்டில் ஆடியது. நட் வீல் கழன்று வராமல் பிடிக்கும், அவ்வளவுதான். திருப்பும் விசை முழுவதையும் தாங்குவது அந்தப் பற்கள். பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள்.

காப்பாற்றியது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. அங்கிருந்த பெரியவர் தண்டை நேரில் அளந்து, பற்களை எண்ணி, ஸ்டீல் ராடில் கடைந்து, ஸ்லாட்டிங் மெஷினில் பல் வெட்டி, இரண்டு நாளில் கொடுத்தார். 3,200 ரூபாய். வெல்டிங் எங்குமே இல்லை, "ஸ்டீயரிங்ல வெல்டிங் வைக்க மாட்டேன் தம்பி" என்று அவரே சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகவே இன்னும் கூடக் கொடுத்திருப்பேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். முன் சக்கரங்களை நேராக வைத்துத் தண்டிலும் பழைய வீலிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இறுகிப் போன வீலைச் சுத்தியால் அடிக்காமல் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுங்கள், அடித்தால் உள்ளே பேரிங் போய்விடும். இண்டிகேட்டர் தானாக அணைய வைக்கும் புடைப்பு பாஸில் சரியான பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலது அணையும், இடது அணையாது. எனக்கு முதலில் ஹார்னும் அடிக்கவில்லை, பாஸில் பெயின்ட் இருந்ததால் எர்த் கிடைக்கவில்லை, சுரண்டியதும் சரியானது.

எட்டு மாதம் ஆகிறது, ஈ.சி.ஆரில் புதுச்சேரி வரை இரண்டு முறை போய் வந்தேன். மரத்தின் பிடி அவ்வளவு சுகம். பழைய ஒல்லி விளிம்பை ஒரு மணி நேரம் பிடித்தால் விரல் மரத்துப் போகும், இது கை நிறைய இருக்கிறது, வியர்வையிலும் வார்னிஷ் இன்னும் உரியவில்லை. ஸ்டீயரிங் தண்டோடு இருக்கும் கை கியருக்கும் வீலுக்கும் நடுவே இடம் முன்போலவே இருக்கிறது. குறை என்றால் இரண்டு. பளபள ஸ்போக்கில் மதிய வெயில் பட்டுக் கண் கூசுகிறது, மங்கலான ஃபினிஷ் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஹார்ன்: பழைய வீலில் அரை வட்ட ரிங்கைக் கட்டைவிரலால் தட்டினால் போதும், இப்போது கையை நடுப் பட்டனுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, அண்ணா சாலை நெரிசலில் அது நிஜமான இழப்பு.

பழைய வீலை எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள், கொடுக்கவில்லை. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், வண்டி ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது விதி. என் வண்டிக்கும் அந்த வயது வருகிறது. வெடித்த வீலைத் துணி சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன், அதன் நட்டையும் ஹார்ன் ரிங்கையும் சேர்த்து.