கும்பகோணம் பெரிய கடைத் தெருச் சந்தில் ஒரு கடிகாரக் கடை

கும்பகோணம் பெரிய கடைத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப் பலகைகூட இல்லாத கடிகாரக் கடை ஒன்று இருக்கிறது. அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவையும், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சீகோ குரோனோகிராஃபையும் (நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரம்) எடுத்துக்கொண்டு சென்ற மாதம் அங்கே போனேன்.

ஜனதா, சாவி கொடுத்து ஓடும் 17 கல் கடிகாரம்; உள்ளே அச்சுகள் தேயாமலிருக்கப் பதித்த சிறு கற்களின் எண்ணிக்கை அது. கடைக்காரப் பெரியவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்த உடனேயே, கீழே விழுந்ததில், முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறிந்திருக்கிறது என்றார். எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016இல் முடிவானபின், ஓடாத பழைய கடிகாரங்களிலிருந்து கழற்றி வைத்த பாகங்களைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. “அச்சு மாத்திடலாம். ஆனா ஒரு நாளைக்கு எவ்வளவு முந்தும், பிந்தும்னு ஓட்டிப் பார்க்காம சொல்ல மாட்டேன்” என்றவர், எட்டு நாள் வைத்திருந்து, தினமும் காலையில் எத்தனை விநாடி தவறியது என்று ஓர் அட்டையில் பென்சிலால் குறித்து, அந்த அட்டையையும் சேர்த்தே கொடுத்தார். கூலி 600 ரூபாய்.

சீகோவை வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினார். “தம்பி, இதைக் கழட்டிடுவேன். திரும்பச் சேர்க்க எனக்குத் தெரியாது. வேண்டாம்.” பார்த்ததற்குப் பணமும் வாங்கவில்லை.

இந்தச் சொல்லின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், இதே சீகோவை “ரெண்டே நாள் சார்” என்று வாங்கி வைத்துக்கொண்டவர், இரண்டு மாதம் அலையவிட்டு ஓடாமலேயே திருப்பித் தந்தார். உள்ளே திருகுகளின் தலைப்பள்ளங்கள் மழுங்கிக் கிடந்ததைப் பெரியவர் லென்ஸைக் கொடுத்து எனக்குக் காட்டியபோது நெஞ்சு கனத்துவிட்டது. கடிகாரத்தை ஓட்டும் முறுக்கேறிய சுருள்வில்லைத் தளர்த்தாமல் உள்ளே கைவைத்தால், தேங்கிய விசை ஒரே நொடியில் பற்சக்கரங்களைச் சுழற்றிவிட்டு மயிரிழை போன்ற அச்சுமுனைகளை ஒடித்துவிடக்கூடும். பழைய கடிகாரத்தில் அப்படி ஒடிந்தால் மாற்றுக் கிடைப்பது அரிது. ஆகவே, அவர் ஓட்டித் தந்த ஜனதாவைவிட, தொடாமல் திருப்பித் தந்த சீகோவுக்கே நான் அவருக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறேன். குரோனோகிராஃப் வேலை தெரிந்த சென்னைக்காரர் ஒருவரின் எண்ணை அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்து, “அவரும் தயங்கினா விட்டுடுங்க, வற்புறுத்தாதீங்க” என்றார்.

கடையில் உட்கார இடமில்லை, ரசீதும் தருவதில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு மூடினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார். அவசரமாக வேண்டுவோர் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, முடியாதென்றால் அப்போதே சொல்லிவிடுவார்.