டாடா ஏஸுக்குப் புதுப் பாடி: மீன் லோடு ஓட்டியவனின் அனுபவம்

நாகப்பட்டினத்தில் மீன் லோடு ஓட்டும் நண்பர் ஒருவர், தன் பழைய குட்டியானைக்குப் புதுப் பாடி கட்டலாமா என்று கேட்டிருந்தார். என் வண்டியும் துறைமுகத்தில் உழைப்பதுதான். 702 சிசி, இரண்டு சிலிண்டர், முக்கால் டன் பாரம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனவே பாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தகட்டை மேலிருந்து தின்பதில்லை. தளத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் தேங்கி, அடியிலிருந்து தின்கிறது. மேலே பெயின்ட் பளபளக்கும்போதே கீழே துரு பொருக்காக உதிரும். 8 வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வேறு. ஒட்டுப் போட்டு அலுத்துத்தான் புதிதாகக் கட்டினேன். நீள அகலம் ஆர்.சி.யில் உள்ளபடியே.

தளத்தைக் குறை சொல்ல வழியில்லை. பட்டறையில் 4 மி.மீ. செக்கர் பிளேட், அதாவது வழுக்காதபடி மேலே புடைப்பு உள்ள இரும்புத் தகடு, என்றார்கள். நான் 3 போதும் என்று பிடிவாதமாக நின்றேன். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் ஏறக்குறைய 8 கிலோ. மூன்றேகால் சதுர மீட்டர் தளத்தில் அந்தக் கூடுதல் 1 மி.மீ. என்பது 26 கிலோ. வாடகை தராத சரக்கு அது, நடைக்கு நடை சுமக்க வேண்டும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு துளைகூடப் போடாமல் யூ போல்ட்டில் இறுக்கி, நடுவே ரப்பர் வைத்தார்கள். பற்றவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். தொழில் தெரிந்தவர்கள்தான்.

பிறகு பின் கதவுக்கு வந்தபோது மட்டும் அந்தத் தொழில் எங்கே போயிற்று? கீல் குழாய்க்கும் ஆணிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. காலி வண்டி வேகத்தடையில் இறங்கினால், கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம். பெட்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றால் அடங்குகிறது. திரும்பும் வழியெல்லாம் கச்சேரி. சைக்கிள் டியூபை வெட்டிச் செருகினால் சில நாள் தாங்கும், பிறகு பிய்ந்துவிடும். பருமனான ஆணி போடலாம் என்றால் நுழையவில்லை. வெல்டிங் சூட்டில் இழுத்துக்கொண்டு இரண்டு குழாய்களும் நேர்க்கோட்டில் இல்லை. வெட்டி மறுபடி பற்றவைத்தால் பெயின்ட் கருகும், அங்கேயே துரு தொடங்கும். கேட்டால், “லோடு வண்டி என்றால் சத்தம் வரத்தானே செய்யும்?” என்கிறார்கள். கம்பெனிக் கதவும் லோடு வண்டிக் கதவுதானே ஐயா! ஓட்டை விழுந்த காலத்தில்கூட அது வாய் திறந்ததில்லை.

தளம் உறுதி, சேசிஸ் பத்திரம், எஃப்.சி.யில் ஒரு கேள்வி இல்லை. இருந்தும் நண்பரே, இன்று என்னைக் கேட்டால் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். கட்டியே தீருவதென்றால், பழைய பின் கதவு நன்றாக இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் அதையே மாட்டச் சொல்லுங்கள். புதுக் கதவுதான் என்றால், கீல் குழாய்களை ஒரே நீளக் கம்பியில் கோத்து வைத்துப் பற்றவைக்கட்டும். பெயின்ட் அடிக்கும் முன் காலி வண்டியை ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு எண்ணிக் கொடுங்கள்.