ஆர்செட்டி மோட்டார் ரீவைண்டிங் பயிற்சி: 30 நாளில் கை எவ்வளவு பழகும்?

மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கு ஆர்செட்டி என்று பெயர். இந்தியன் வங்கி நடத்தும் இடங்களில் இன்ட்செட்டி. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டிதான் இதற்கு முன்மாதிரி. கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கூலி மட்டும் வராது. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே என்றால், ஒரு மாத வீட்டுச் செலவுக்கு வழி பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

ஆடு, மாடு வளர்ப்பெல்லாம் 10 நாளில் முடிந்துவிடும். ரீவைண்டிங், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் வேலைக்கு 30 நாள். அதிலும் சில நாட்கள் கணக்கு எழுதுவது, சந்தை பார்ப்பது, திட்ட அறிக்கை போடுவது என்று போகும். அதை வீண் என்று நினைப்பவர்கள்தான் பிறகு வங்கியில் முழிக்கிறார்கள்.

ஒரு அணியில் 25 முதல் 35 பேர் வரை இருப்பார்கள். ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கட்டிப் பழக எத்தனை ஸ்டேட்டர் (மோட்டாரில் சுழலாமல் நிற்கும், காயில் உட்காரும் பகுதி) இருக்கிறது என்பது. 30 பேருக்கு 5 என்றால் ஒன்றுக்கு 6 பேர். நாலு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிங்கிள் ஃபேஸ், ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டாரைத் தனியாகக் கட்டி ஓட்டிக் காட்டினால்தான் அது பயிற்சி.

நல்ல பயிற்றுநரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. எரிந்த காயிலை வெட்டும் முன் நோட்டை எடுக்கச் சொல்கிறாரா என்று பாருங்கள். எத்தனை சிலாட் (காயில் உட்காரும் பள்ளம்), எத்தனை போல் (காந்த முனை), காயில் எந்தச் சிலாட்டிலிருந்து எந்தச் சிலாட்டுக்குப் போகிறது, எத்தனை சுற்று, என்ன கேஜ் (கம்பியின் பருமன்), இணைப்பு எப்படி என்பதெல்லாம் எழுதிய பிறகுதான் உளி. 36 சிலாட், 4 போல் என்றால் த்ரீ ஃபேஸில் ஒரு போலுக்கு 9 சிலாட், அதில் ஒரு ஃபேஸுக்கு 3 என்ற கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். கம்பியின் எனாமல் பூச்சைச் சுட்டு எடுத்த பிறகே மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். எனாமலோடு அளந்தால் ஒரு சைஸ் பெரிய கம்பி வாங்க நேரும், கடைசிச் சுற்றுகள் சிலாட்டில் ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் எனாமல் உரிந்து, ஓட்டிய அன்றே ஷார்ட்.

ஒரு காயிலின் முனையை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் உறுமும், வேகம் பிடிக்காது, சூடேறும். அதனால் வார்னிஷ் ஊற்றும் முன்பே சோதித்துவிட வேண்டும். இறுகிய பின் பிரித்துத் திருத்த முடியாது. அவசரத்தில் அரைகுறையாகக் காயவிட்டால் மெக்கரில் (மின்கசிவைத் தடுக்கும் காப்பை அளக்கும் கருவி) ரீடிங் இறங்கும். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகாஓமாவது காட்டாத மோட்டாரை வாடிக்கையாளரிடம் கொடுக்கக் கூடாது.

தனிப் பாடம் தேவைப்படும் இடம் போர் மோட்டார். தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிளில் எனாமல் கம்பி, வார்னிஷ் வேலைக்காகாது. பாலி (பிளாஸ்டிக் உறை) சுற்றிய கம்பி வேண்டும், மேல் உறையில் சிறு கீறலும் ஆகாது. கிராமத்தில் கடை போடுபவருக்கு வருமானமே இதில்தான். பாடத்தில் இது பெயரளவுக்கு மட்டும் இருந்தால், பயிற்சி முடிந்ததும் ஒரு பட்டறையில் ஆறு மாதமாவது கைவேலை பழகுவது நல்லது. சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று நேரே கடை திறக்க வேண்டாம்.

கடன் விஷயத்தில் இந்தச் சான்றிதழுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்குத் தேவையான தொழில்முனைவோர் பயிற்சியாக இது ஏற்கப்படும். ஊரகப் பகுதியில் மானியம் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி உள்ளிட்ட சிறப்புப் பிரிவுகளுக்கு 35. கைப்பணம் முறையே 10, 5 சதவீதம். சேவைத் தொழிலில் திட்ட மதிப்பு 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பலரும் ஏமாறும் இடம் ஒன்று: மானியம் கையில் வராது, வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். அதுவரை தவணை ஒழுங்காகப் போக வேண்டும்.

பயிற்சிக்குப் பின் 2 ஆண்டு தொடர்ந்து விசாரிப்பது நிலையத்தின் கடமை. அந்த போன் வரும்போது "நல்லா இருக்கேன் சார்" என்று வைத்துவிடாமல், எந்தக் கிளையில் விண்ணப்பம் கிடக்கிறது என்று தேதியோடு சொல்லுங்கள்.