ஸ்டாக் எல்லைச் சோதனையை எமுலேட்டரில் எங்கே வைப்பது?

ஆர்ம்வி8-எம் மெயின்லைன் (ஆர்மின் மைக்ரோகன்ட்ரோலர் வகை) ப்ராசஸர்களில், ஸ்டாக் எதுவரை கீழே இறங்கலாம் என்று குறிக்கும் எம்எஸ்பிலிம், பிஎஸ்பிலிம் என்ற எல்லை ரெஜிஸ்டர்கள் உண்டு. எஸ்பி (ஸ்டாக் பாயின்டர்) எல்லைக்குக் கீழே இறங்கினால் யூசேஜ்ஃபால்ட் எழும்; ஃபால்ட் நிலையைக் காட்டும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரின் 20-ஆம் பிட் 1 ஆகும். இதை எமுலேட்டரில் சேர்க்க மூன்று வழிகள்.

முதல் வழி: எல்லைக்குக் கீழே காவல் பேஜ் (தொட்டாலே ஃபால்ட் தரும் மெமரிப் பகுதி) வைப்பது எளிது. ஓடும்போது செலவும் கிடையாது. ஆனால் விடை தப்பாக வரும். எல்லை 8 பைட்டுக்கு ஒன்றாக அமையும். கியூஎம்யூ எமுலேட்டரில் எம் வகைக்கான பேஜோ 1 கேபி; அதனால் காவல் எல்லையோடு சரியாகப் பொருந்தாது. அதைவிடப் பெரிய கோளாறு: வன்பொருள் பார்ப்பது மெமரியில் எழுதுவதை அல்ல, எஸ்பி மாறுவதை. எஸ்பியிலிருந்து 2048-ஐக் கழித்துவிட்டு எதையும் எழுதாத ஃபங்ஷன் சில்லில் அங்கேயே ஃபால்ட் ஆகும். காவல் பேஜுக்கு அது தெரியவே தெரியாது. ஸ்டாக்குக்கு அடியில் உள்ள ஹீப்பை வேறொரு ரெஜிஸ்டர் வழியாகத் தொட்டாலோ, வீண் ஃபால்ட் வரும். இந்த வழியை விட்டுவிடுங்கள்.

கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் எழுதுபவர்களுக்கு இரண்டாவது வழி போதும்: எஸ்பியை மாற்றும் எல்லா இடங்களும் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகட்டும், அங்கே நடப்பு எல்லையோடு ஒப்பிடுங்கள். ரீசெட்டில் எல்லை 0 என்பதால் தனி நிபந்தனை தேவையில்லை. ஒப்பீடு அன்சைன்டாக (குறை எண் இல்லாமல்) இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லை 0 ஆக இருந்து, ஸ்டாக் ஹெக்ஸ் 80000000-க்கு மேலுள்ள வெளி ரேமில் இருந்தால் விடை தலைகீழாகும்.

கட்டளைகளைத் தொகுதி தொகுதியாக (பிளாக்) மொழிபெயர்த்து ஓட்டும் ஜிட் எமுலேட்டரில், ஸ்டாக்கில் தள்ளும் புஷ் ஒவ்வொன்றுக்கும் இந்தச் செலவு உறுத்தும். 2018-இல் கியூஎம்யூ எடுத்த மூன்றாவது வழி அங்கே மேல்: எல்லைச் சோதனை தேவையா என்பதை மொழிபெயர்ப்பு பிளாக்கின் கொடியில் வைப்பது. தேவையில்லை என்றால் கூடுதல் கோடே உருவாகாது. தேவைப்பட்டால் புதிய எஸ்பி மதிப்போடு ஒரு ஹெல்ப்பர் (எமுலேட்டரின் துணை ஃபங்ஷன்) அழைப்பு. எல்லை மீறினால் மட்டும் பிசி (நடப்புக் கட்டளையின் முகவரி) மீட்கப்படும். இதற்கு ஒரு விலை உண்டு: இந்தக் கொடியின் மதிப்பை மாற்றக்கூடிய கட்டளையோடு பிளாக்கை முடித்தாக வேண்டும். மறந்தால் பழைய கொடியோடு கோடு ஓடும். இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம்.

எந்த வழியிலும் புஷ்ஷில் முதலில் சோதனை, பிறகுதான் எழுத்து. எக்ஸெப்ஷன் நுழைவில் ப்ராசஸரே குறைந்தது 32 பைட் ஸ்டாக்கில் தள்ளுவது இந்தப் பாதைகளில் வராது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அங்கே மீறல் நேர்ந்தால் எஸ்பியை எல்லை மதிப்பிலேயே நிறுத்தி ஃபால்ட் எழுப்புங்கள்.

சோதித்துப் பார்க்க: எல்லையை எஸ்பிக்கு 8 பைட் கீழே வையுங்கள். இரண்டு சொற்களின் (சொல் ஒன்றுக்கு 4 பைட்) புஷ் நடக்க வேண்டும்; மூன்றாவது சொல்லில் ஃபால்ட் வர வேண்டும்.