டெல்லியில் பொருளியல் பிஎச்டி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருத்தியின் அனுபவம்

பொருளியலில் பிஎச்டி செய்ய எங்கே போகலாம் என்று இலங்கையில் கேட்டால் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டெல்லியைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. நான் கோர்ஸ்வொர்க்கை (ஆய்வுக்கு முன் எடுக்க வேண்டிய வகுப்புகளை) முடித்து, ஆய்வு முன்மொழிவும் ஏற்கப்பட்டு, இப்போது தரவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரம்ப ஆர்வமும் ஆரம்பக் கோபமும் இரண்டும் அடங்கிவிட்டதால் ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஆய்வுக் கேள்வி தெற்காசியாவைப் பற்றியது என்றால் டெல்லி நல்ல இடம். பட்டத்தை வைத்து மேற்கில் வேலை தேடுவதுதான் நோக்கம் என்றால் நேரே மேற்குக்கே விண்ணப்பியுங்கள்.

முதல் சில வாரங்களில் பொருளியல் எதுவும் நடக்காது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் வந்திறங்கி 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையவழியில்தான் எல்லாம். ஆனால் அதற்கு முகவரிச் சான்று தேவை. விடுதி கிடைத்தால் ஒரு கடிதத்தோடு வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். அதோடு, வெளிநாட்டவர் ஒருவர் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தின் பெயரைக் கேட்டதும், காலையில் காலியாக இருந்த அறைக்கு மத்தியானம் ஆள் வந்துவிடும்! நான் போன வங்கிக் கிளையில் பதிவுச் சான்றில்லாமல் கணக்குத் திறக்க மாட்டோம் என்றார்கள். கணக்கு இல்லையென்றால் உதவித்தொகை வந்து விழ இடமில்லை, கைபேசியில் பணம் கட்டும் யூபிஐயும் இல்லை. யூபிஐ இல்லாமல் தென் டெல்லி முனிர்காவில் ஒரு தேநீர் குடிப்பதுகூடச் சங்கடம், சில்லறைக்காகக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆகவே மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். 2022 நெருக்கடிக்கு முன் ஓர் இந்திய ரூபாவுக்கு இலங்கைக் காசு 3 ரூபாவுக்கும் குறைவு. அந்த வருஷ நடுப்பகுதியில் அது 4 ரூபாவைத் தாண்டியது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இன்னொன்று, இந்திய மாணவர்களுக்குக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை (2023 முதல் மாதம் 37,000 ரூபா) நமக்குக் கிடையாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஐசிசிஆர் (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) உதவித்தொகை உண்டு. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவிப்புகளை முதலே பார்த்து வையுங்கள்.

வீட்டுப் பிரச்சினைக்கு எனக்கு வழி காட்டியது ஆர்.கே.புரம். மலை மந்திர் என்ற முருகன் கோயிலும் டெல்லித் தமிழ்ச் சங்கமும் அங்கேதான். மத்திய அரசு வேலைக்கு வந்து தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. கோயிலுக்கு வெளியே ஓர் அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா, கேரளாவா?" என்றார். "இல்லை அக்கா, யாழ்ப்பாணம்" என்றதும் அரை மணி நேரம் கதைத்தார். அவருடைய உறவுக்காரர் ஒருவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், படிவம் என்றால் பயப்படாதவர். அவர் வீட்டிலேயே அறை கிடைத்தது. சி படிவத்தை அன்று இரவே நிரப்பி, நகலையும் கையில் தந்தார்.

சரி, படிப்புக்கு வருவோம்.

நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, பட்டப்படிப்பு தமிழ்மொழி மூலம். வரைபடம் கீறி, நெகிழ்ச்சி கணித்து, வகையிடல் தெரிந்தால் போதும் என்ற இடத்திலிருந்து வந்தவள். இங்கே நுண்பொருளியல் வகுப்பு முதல் வாரமே கணங்கள், தொடர்ச்சி, குவிவு என்று தொடங்கியது. 1954இல் ஆரோவும் டெப்ரூவும் பொதுச் சமநிலை ஒன்று (எல்லாச் சந்தைகளிலும் ஒரே நேரத்தில் கேள்வியும் நிரம்பலும் பொருந்தும் நிலை) இருக்கும் என்று நிறுவினார்களே, அதன் உயிரே நிலைத்த புள்ளித் தேற்றம்தான். அதைப் படிக்க மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) தெரிந்திருக்க வேண்டும். கூட இருந்த இந்திய மாணவர்கள் பலர் முதுகலையிலேயே இதைக் கரைத்துக் குடித்தவர்கள். எனக்கோ ஒரு நிறுவலை எங்கே தொடங்குவது என்பதே புதிது. விடுதித் தாபாவில் நள்ளிரவு வரை உட்கார்ந்து சொல்லித்தந்த ஒரு நேபாளத் தோழியும் ஒரு பிகார்த் தோழனும் இல்லையென்றால் முதல் செமஸ்டர் தாண்டியிருக்காது. வருவதற்கு முன்னான ஆறு மாதத்தில் பொருளியல் எதுவும் படிக்காதீர்கள். மெய்ப் பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் மட்டும் படியுங்கள். ஆங்கிலம் தானாக வரும், கணிதம் அப்படி வராது.

அமெரிக்காவில் முதல் வருஷம் முழுக்க நுண், பேரின, அளவைப் பொருளியல் (எகனோமெட்ரிக்ஸ்) என்று பிழிந்து, பெரிய தேர்வு வைத்துத்தான் விடுவார்கள். இங்கே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட், அவ்வளவுதான். சீக்கிரம் முடிகிறதே என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. ஆனால் என் கருத்தில் இதுதான் இங்குள்ள ஏற்பாட்டின் பெரிய பலவீனம். அளவைப் பொருளியலில் பாதிக்கு மேல் நானாகத்தான் படித்தேன்.

அந்தக் குறையை ஈடுகட்டுவது ஊர். ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜேஎன்யூ (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்), அரசு நிதி பற்றி ஆராயும் என்ஐபிஎஃப்பி எல்லாம் மெட்ரோவும் ஆட்டோவும் எட்டும் தூரத்தில். கருத்தரங்கு இல்லாத வாரம் குறைவு. டிசம்பரில் ஐஎஸ்ஐயின் வளர்ச்சிப் பொருளியல் மாநாடும் டெல்லி ஸ்கூலின் குளிர்காலப் பள்ளியும் நடக்கும்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் இந்தியப் பேராசிரியர்கள் ஊருக்கு வருவார்கள். யாழ்ப்பாணத்தில் பெயராக மட்டும் தெரிந்தவரிடம் இங்கே தேநீர் இடைவேளையில் கேள்வி கேட்கலாம். பனிமூட்டத்தில் போய்ச் சேருவதுதான் கஷ்டம். நவம்பர் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்று மாசுச் சுட்டெண் 400ஐத் தாண்டும் நாட்களில் நூலகத்துக்குள்ளேயே இருந்துவிடுவேன்.

கருத்தரங்குகளில் ஒரு தொல்லையும் உண்டு. இலங்கை என்றதும் எல்லோரும் 2022க்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்ற ஏப்ரல் 12 அறிவிப்பு, செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் 69.8 சதவீதப் பணவீக்கம் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எரிவாயுவுக்கு வரிசையில் நின்றது நான். ஆனால் ஏன் நடந்தது என்று எனக்கே விளக்குவார்கள்.

நான் எடுத்தது உரக் கொள்கையும் சிறு நெல் விவசாயிகளும். 2021 மே மாதம் இலங்கை இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் பின்வாங்கியது. இந்தியாவிலோ 45 கிலோ யூரியா மூட்டை வரி தவிர்த்து 242 ரூபா. மீதியை அரசு சுமக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இங்குள்ள தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 77ஆவது சுற்றில் நடந்த விவசாயக் குடும்பக் கணக்கெடுப்பை எடுத்தேன். குடும்ப அளவிலான தரவு முழுவதும் இலவசம், அது பெரிய விஷயம். திறந்து பார்த்தால் தலைப்பே இல்லாத எண் வரிசைகள். எந்த இடத்து இலக்கம் எந்தக் கேள்விக்கான பதில் என்பது வேறொரு எக்செல் கோப்பில் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வெட்டி எடுத்து, மல்டிப்ளையரை (மாதிரிக் குடும்பம் ஒன்று எத்தனை குடும்பங்களுக்குச் சமம் என்ற எண்ணை) சரியாகப் போட்டு, அரசு அறிக்கையில் உள்ள ஒரு சராசரியாவது நம் கணினியில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண் முதன்முதலாகப் பொருந்திய இரவில்தான் நான் ஆய்வு மாணவி என்ற நம்பிக்கையே வந்தது.

மேற்பார்வையாளரைத் தேடும்போது ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பேராசிரியர் ஒருவர் 8 பேரை, இணைப் பேராசிரியர் 6 பேரை, உதவிப் பேராசிரியர் 4 பேரை மட்டுமே வழிநடத்தலாம். ஆனால் 2022 யூஜிசி விதிகளின்படி, இந்த எண்ணிக்கைக்கு மேலாக ஒவ்வொருவரும் இரண்டு வெளிநாட்டு மாணவர்கள் வரை எடுக்கலாம். "இடமில்லை" என்று யாராவது பதில் போட்டால் மரியாதையாக அந்த விதியைக் குறிப்பிட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஆய்வுக் குறிப்பும் எந்தத் தரவை வைத்துச் செய்யப்போகிறீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். எனக்கு இரண்டாவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது.