படகு தூக்க வயர் ரோப்பா, பாலியெஸ்டர் பெல்ட்டா?

சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகமோ தேங்காய்ப்பட்டணம் துறைமுகமோ, கிரேனைத் தொடும் முன் தினமும் செய்யும் சோதனை இரண்டுக்கும் வேறு.

சோதனை: வயர் ரோப் ஸ்லிங்கில் (சுமையைக் கொக்கியில் மாட்டும் கம்பி வடம்), ஒரு புரி (பல கம்பிகள் முறுக்கிய இழை) வடத்தைச் சுற்றி முழுச்சுற்று வரும் நீளத்துக்குள் 10 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 5 அறுந்திருந்தாலோ கழித்துவிடுங்கள். வெறுங்கையால் தடவ வேண்டாம். துணியை ஓட்டினால் அறுந்த இடத்தில் சிக்கும். பெல்ட்டில் வெட்டு, தையல் பிரிவு, உருகல் பாருங்கள். லேபிள் அழிந்திருந்தாலும் கழிவுதான்.

உப்புக்காற்று: ரோப் வெளியே கிரீஸ் மினுங்க, உள்ளே துருப்பிடிக்கும். நம் கடற்கரையில் இதுதான் பெரிய ஆபத்து. பெல்ட்டுக்குத் துரு இல்லை; வெயில் நைக்கும், மணல் இழையை அறுக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

ஃபைபர் படகுக்குப் பெல்ட்தான், உடல் கீறாது. சூடான, விளிம்பு கூரான இரும்புக்கு ரோப், விளிம்பில் மெத்தை வைத்து. எதைப் போட்டாலும் கொக்கியின் நாக்கு (வாயை அடைக்கும் தகடு) தானாக மூடாவிட்டால் தூக்காதீர்கள்.